பழைய கேம் பெட்டி வாங்குறீங்களா: டிஸ்க்கைக் கீறுறது டிஸ்க் இல்ல, பெட்டிதான்

திருகோணமலையில பழைய கேம் பெட்டி தேடுற ஆக்கள் இப்ப நிறைய இருக்கிறாங்க. சின்ன வயசில ஓர்ஸ் ஹில் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ ஆரோ ஒரு அண்ணா வீட்டில தன்ர முறை வருமட்டும் காத்து நிண்டு பிஎஸ்2 (சோனியின்ர பிளேஸ்டேஷன் 2) விளையாடினவங்க இப்ப வேலைக்குப் போய் கையில கொஞ்சம் காசு வந்த உடன நமக்கும் ஒண்டு வாங்கி வைக்கோணும் எண்டு ஆசைப்படுறாங்க, நல்ல ஆசைதான். ஆனா வாங்கின முதல் கிழமையே "டிஸ்க் எடுக்குதில்ல", "போடுற டிஸ்க் எல்லாம் வட்டமாக் கீறுப்படுது" எண்டு வந்து நிக்கிறாங்க. அப்ப எல்லாரும் செய்யிற முதல் வேலை டிஸ்க்கைத் துடைக்கிறது. துடைச்சுத் திரும்பப் போடுவாங்க, திரும்பக் கீறும். பிழை பெட்டிக்குள்ள இருக்கு எண்டு விளங்குறதுக்குள்ள இருக்கிற நல்ல டிஸ்க்கில பாதி போயிடும்.

அதனால முதல்லயே சொல்லிடுறன், மிச்சம் எல்லாம் இதைச் சுத்தித்தான் வரும்: சோதிச்சுப் பாக்காத பெட்டிக்குள்ள நல்ல டிஸ்க்கப் போடாதீங்க. பழைய பெட்டிய எங்கயாவது தேடி எடுத்திடலாம், டிஸ்க்கை வாசிக்கிற லேசரை மாத்தலாம், பவர் சப்ளை மாத்தலாம். ஒரிஜினல் டிஸ்க் ஒண்டு போனா அதே கேம் திரும்பக் கிடைக்கிறது கஷ்டம், அதிலயும் நம்ம ஊர்ல அந்தக் காலத்தில வித்ததில முக்கால்வாசி கொப்பி டிஸ்க்தான், ஒரிஜினல் வச்சிருந்த ஆக்கள் குறைவு.

கீறலைப் பாத்தே யார் செய்தது எண்டு சொல்லலாம்

டிஸ்க்கை மறுபக்கம் திருப்பிப் பிடிச்சு ஃபோன் டோர்ச்ச நேர மேல இருந்து அடிக்காம சரிவா ஒரு பக்கத்தில இருந்து அடிச்சுப் பாருங்க. மெதுவா டிஸ்க்கைச் சுத்துங்க. அப்ப ரெண்டு வகைக் கோடு தெரியும். ஒண்டு, நேராயும் கோணலாயும் ஒழுங்கில்லாம மயிர் மாதிரி ஓடுற கோடு. இது கையால வந்தது, கவர் இல்லாம மேசையில போட்டது, சேட்டில துடைச்சது, ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கினது. பாக்க அசிங்கமா இருந்தாலும் கன நேரம் இந்த டிஸ்க் நல்லா ஓடும். மற்றது, நடு ஓட்டையை மையமா வச்சு கொம்பசால கீறின மாதிரி ஒழுங்கா வளைஞ்சு போற கோடு. முழு வட்டமா இருக்கலாம், கால் வட்டமா இருக்கலாம். மனுசக் கையால அப்பிடி ஒரு வட்டம் போட ஏலாது. சுத்திக்கொண்டிருந்த டிஸ்க்கில பெட்டிக்குள்ள ஏதோ ஒண்டு முட்டியிருக்கு.

அந்த வட்டக் கோடுதான் ஆகக் கூடின நாசம் செய்யிறது, ஏனெண்டா டிஸ்க்கில டேட்டா எழுதியிருக்கிறது உள்ளுக்கிருந்து வெளிய சுருளாப் போற ஒரே ஒரு பாதையில. நடுவில இருந்து விளிம்புக்குக் குறுக்கால ஒரு கீறல் போனா ஒவ்வொரு சுத்திலயும் கொஞ்சம் கொஞ்சம்தான் அடிபடும், அதை பெட்டி தானாச் சரிக்கட்டிக் கொள்ளும். பிழை திருத்துறதுக்கெண்டே மேலதிக டேட்டா டிஸ்க்கில சேத்துத்தான் எழுதியிருக்கிறாங்க, சாதாரண சீடியில பாதை வழியே கிட்டத்தட்ட 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு டேட்டா அழிஞ்சாலும் திருப்பி எடுக்கும். ஆனா கீறல் பாதையோட சேந்தே வளைஞ்சு போனா ஒரே இடத்தில அதைவிடப் பல மடங்கு நீளம் போயிடும், அதுக்குப் பிறகு எந்தக் கணக்கும் உதவாது. துடைக்கேக்கயும் இதே காரணத்துக்காகத்தான் வட்டமாத் துடைக்கக் கூடாது, நடுவில இருந்து விளிம்புப் பக்கம் நேரா இழுத்துத் துடைக்கோணும் எண்டு சொல்றது.

மேல்பக்கத்தையும் மறக்காதீங்க. பிஎஸ்1 டிஸ்க் சீடி. பிஎஸ்2 டிஸ்க்குகள்ல அடிப்பக்கம் நீலமா இருக்கிறதும் சீடிதான், வெள்ளி நிறம் டிவிடி. சீடியில டேட்டா இருக்கிற அலுமினியப் படை லேபல் பக்கத்துக்குக் கீழ ஒட்டினாப்போல இருக்கு, அதுக்கு மேல மெல்லிசா ஒரு பூச்சும் படமும் மட்டும்தான். லேபல் பக்கம் ஆழமாக் கீறினா டேட்டாவே உரிஞ்சு போகும். சீடிய லைட்டுக்கு நேர பிடிச்சுப் பாருங்க, ஊசி குத்தின மாதிரி ஒளி வந்தா அந்த இடத்தில டேட்டா இல்ல, அதை பொலிஷ் பண்ணி ஒண்டும் செய்ய ஏலாது. டிவிடியில டேட்டா ரெண்டு 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு நடுவில இருக்கிறதால ரெண்டு பக்கமும் ஓரளவுக்குப் பாதுகாப்பு. பிஎஸ்3ன்ர புளூரேயில டேட்டா அடிப்பக்கத்துக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் தூரத்தில, அதனாலதான் அதுக்குக் கடினமான ஒரு பூச்சுப் போட்டிருக்கிறாங்க. லேசில கீறாது, ஆனா அந்தப் பூச்சைத் தாண்டிக் கீறினா கதை முடிஞ்சுது, புளூரேய தேய்ச்சுத் திருத்திறன் எண்டு ஆரும் சொன்னா குடுக்காதீங்க.

எந்தப் பெட்டி எப்பிடிக் கீறும்

மைக்ரோசொஃப்ட்டின்ர எக்ஸ்பாக்ஸ் 360ல இருந்து தொடங்குறன், இந்த விசயத்தில அதுதான் பேர் போனது. 2005 நவம்பர்ல வந்த பெட்டி. கேம் ஓடேக்க அதுக்குள்ள டிவிடி 12 எக்ஸ் எண்ட கூடின வேகத்தில சுத்துது, படுக்க வச்சிருந்த பெட்டிய ஆரும் நிமித்தினா, இல்ல நிமித்தி வச்சதைத் தட்டி விட்டா, டிஸ்க் தன்ர தளத்தில இருந்து சரிஞ்சு கீழ இருக்கிற லேசர்ப் பகுதியில போய் முட்டும். ஒரு செக்கன் போதும், முழு வட்டம் விழும். 2008 கடைசியில அமெரிக்காவில ஒரு வழக்கில வெளிய வந்த பத்திரங்கள்ல, விற்பனைக்கு வர முதலே மைக்ரோசொஃப்ட்டுக்கு இது தெரியும் எண்டு இருந்துது. மூண்டு வழி யோசிச்சிருக்கிறாங்க: டிஸ்க்கைப் பிடிக்கிற காந்தத்தைக் கூட்டுறது, சுத்துற வேகத்தைக் குறைக்கிறது, லேசரைச் சுத்திச் சின்ன மெத்தை வைக்கிறது. காந்தத்தைக் கூட்டினா தட்டுத் திறந்து மூடுறது பிரச்சினை, வேகத்தைக் குறைச்சா கேம் லோட் ஆகப் பிந்தும், மெத்தை வச்சா 3.5 கோடி டொலர்ல இருந்து 7.5 கோடி டொலர் மட்டும் செலவு. மூண்டும் செய்யேல்ல. இதே கீறல் பத்தின இன்னொரு வழக்கு 2017ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நமக்கு இதில தேவையான பாடம் ஒண்டுதான், 360ஐ போட்ட இடத்தில படுக்க வையுங்க, டிஸ்க் சுத்தேக்க தொடாதீங்க, கொன்ட்ரோலர் வயரில தட்டுப்பட்டு இழுபடாத இடமாப் பாருங்க. வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா இது இன்னும் முக்கியம். 2010ல வந்த மெல்லிசு மொடலுக்கும் இதே சட்டம்தான்.

பிஎஸ்2 ஸ்லிம்ல, அதாவது மெல்லிசு மொடல்ல, வேற கதை. 2004ல வந்த எஸ்சிபிஎச்-70000 தொடர்ல இருந்து மூடியத் திறந்து டிஸ்க்கை மேல இருந்து வைக்கிற அமைப்பு. லேசருக்கு ஒரு வெள்ளைத் தட்டைக் கேபிள் போகுது, லேசர் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட ஓட அந்தக் கேபிளும் மடங்கி விரியும். வருசக் கணக்கா மடங்கி மடங்கி சில பெட்டியள்ல அது வில்லு மாதிரி மேல எழும்பி நிண்டு டிஸ்க்கின்ர அடியில உரசும். சத்தம் பெரிசா வராது, மெல்லிய "சர்ர்" ஒண்டுதான், டிவி சத்தத்தில கேக்காது. பிளக்கைக் கழட்டிட்டு மூடியைத் திறந்து கண்ணைப் பெட்டி மட்டத்துக்குக் கொண்டு வந்து பக்கவாட்டில பாருங்க, கேபிள் லென்ஸ் மட்டத்துக்கு மேல தெரிஞ்சா அதுதான் கள்ளன். திருத்துறது சுகம், திறந்து கேபிளைக் கீழ அமத்தி ஒட்டி விடுறது, தெரிஞ்ச ஆளுக்குச் சின்ன வேலை.

பிஎஸ்2 பெரிய பெட்டியில கன தரம் கீறுறது தட்டால. நிமித்தி வச்சு விளையாடேக்க டிஸ்க் தட்டின்ர குழிக்குள்ள சரியா இருக்காட்டி உள்ள போகேக்கயே விளிம்பு உரசும், அதனால அதையும் படுக்க வச்சே பாவியுங்க. அதோட லென்ஸ் ஊத்தையா இருந்து ஃபோகஸ் கிடைக்காட்டி லென்ஸ் மேலயும் கீழயும் எழும்பி எழும்பித் தேடும், "டிக் டிக்" எண்டு கேக்கும். அந்தச் சத்தத்தோட பெட்டிய ஓட விடாதீங்க.

பிஎஸ்1 டிஸ்க்கைக் கீறுறது குறைவு, ஆனா எடுக்காமப் போகும். ஆரம்ப மொடல்கள்ல லேசர் ஓடுற பகுதி பிளாஸ்டிக், அது தேஞ்சு லேசர் சரிஞ்சிடும், பவர் சப்ளை பக்கத்தில இருந்த சூடும் சேந்து. வீடியோக் காட்சி விட்டு விட்டு ஓடினா அதுதான். அந்தக் காலத்தில ஆக்கள் பெட்டிய தலைகீழாப் போட்டு விளையாடினது இதனாலதான், அது உண்மையாவே வேலை செஞ்சுது. பிறகு வந்த மொடல்கள்ல லேசரை சூட்டில இருந்து தள்ளி வச்சிட்டாங்க, வாங்கிறதெண்டா பிந்தின மொடல் இல்லாட்டி 2000ல வந்த சின்ன வட்ட மூலை பிஎஸ் வன் எடுங்க.

2012ல வந்த ஆக மெல்லிசு மொடலைத் தவிர, பிஎஸ்3ல டிஸ்க் வாயால இழுபட்டுப் போறது. மணல் ஒட்டின டிஸ்க்கை உள்ள தள்ளினா உருளையில மணல் ஒட்டி அதுக்குப் பிறகு போற எல்லாத்தையும் கீறும். நிலாவெளிப் பக்கம் வீடிருக்கிற ஆக்கள் இதைக் கவனியுங்க, கையில மணல் இருக்கேக்க டிஸ்க்கைத் தொட வேண்டாம்.

வாங்கப் போகேக்க என்ன கொண்டு போறது, என்ன பாக்கிறது

போக முதல் ஒரு பலி டிஸ்க் ரெடி பண்ணுங்க. பழைய வருசத்து ஃபுட்போல் கேம் ஒண்டு போதும், ஆருக்கும் தேவையில்லாததால மலிவாக் கிடைக்கும். அடிப்பக்கம் முடிஞ்ச அளவுக்குக் கீறல் இல்லாததா இருக்கோணும், இருக்கிற கீறலை முதல்லயே ஃபோன்ல படம் எடுத்து வையுங்க. 360க்கு படம் பாக்கிற டிவிடியால சோதிக்காதீங்க, படம் ஓடேக்க டிஸ்க் மெதுவாச் சுத்தும், கேம் ஓடேக்கதான் முழு வேகம், கீறுற பெட்டி கேம்லதான் தன்னைக் காட்டும்.

விக்கிற ஆள் வீட்டுக்குப் போன உடன பெட்டியைப் பாக்காம அவர்ட டிஸ்க்கைக் கேளுங்க. "அண்ணா, இதோட வாற கேம் டிஸ்க் இருந்தா ஒருக்காக் காட்டுங்களன்" எண்டு கேட்டா எல்லாரும் காட்டுவாங்க. ரெண்டு மூண்டு டிஸ்க்கை எடுத்து டோர்ச் அடிச்சுப் பாருங்க. எல்லாத்திலயும் நடுவில இருந்து ஒரே தூரத்தில ஒரே வட்டம் இருந்தா அந்தப் பெட்டிதான் கீறியிருக்கு, மேல சோதிக்கத் தேவையில்ல. கோடுகள் ஒழுங்கில்லாம இருந்தா பெட்டியில பழி இல்ல. பெட்டி என்ன செஞ்சு வந்திருக்கு எண்டதை வேற எதுவும் இப்பிடிக் காட்டாது, ஆனாலும் கன பேர் இதைப் பாக்காமத்தான் வாங்கிறாங்க.

பிறகு பெட்டிய கையில எடுத்து, கரண்ட் போட முதல், மெல்லச் சரிச்சுப் பாருங்க. உள்ளுக்க ஏதும் உருண்டா ஸ்குரூ கழண்டு கிடக்கு. பின்பக்க சீல், ஸ்குரூ தலை தேஞ்சிருக்கா பாருங்க, திறந்ததில பிழை இல்ல, ஆனா ஏன் திறந்தது எண்டு கேளுங்க, நேர்மையாப் பதில் சொல்ற ஆளிட்ட வாங்கலாம்.

அடுத்தது வோல்டேஜ். இதைப் பெரிசாச் சொல்லோணும். நம்மட கரண்ட் 230 வோல்ட். யப்பான்ல இருந்து வந்த பிஎஸ்2 பெரிய பெட்டி 100 வோல்ட், அமெரிக்காவில இருந்து வந்தது 120 வோல்ட். வெளிநாட்டில இருந்து ஆக்கள் கொண்டு வந்த பெட்டியள் ஊருக்குள்ள நிறைய இருக்கு, பிளக்கை மாத்திப் போட்டு 230ல நேர குத்தினா பவர் சப்ளை அந்த இடத்திலயே போயிடும். பெட்டியின்ர பின்பக்க லேபலையோ அடாப்டர் லேபலையோ வாசியுங்க. "100-240" எண்டு இருந்தா பயமில்ல. "100" இல்ல "120" எண்டு மட்டும் இருந்தா ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேணும், அந்தச் செலவையும் விலையில கழிச்சுக் கேளுங்க. 360ன்ர பெரிய பவர் கட்டியும் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

லேபல் பாக்கிற நேரம் 360ல இன்னொண்டும் பாருங்க. வெள்ளைப் பெரிய மொடலின்ர பின்பக்கத்தில 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில அம்பியர் எழுதியிருக்கும். 16.5 எண்டா ஆகப் பழசு, சிவப்பு வட்டம் (பழுதெண்டு காட்ட முன்பக்கத்தில எரியிற சிவப்பு லைட்) வாறதுக்கு ஆகக் கூடின வாய்ப்பு. 14.2 கொஞ்சம் பரவாயில்ல. 12.1 எண்டா ஜாஸ்பர், 2008 கடைசிக்குப் பிறகு வந்த போர்ட், பெரிய மொடல்ல வாங்கிறதெண்டா இதைத்தான் வாங்கோணும். விக்கிற ஆளுக்கு ஒண்டும் தெரியாட்டியும் அந்த இலக்கம் பொய் சொல்லாது.

இனி பலி டிஸ்க்கைப் போடுங்க. ஒரு அரை மணித்தியாலம் விளையாடுங்க, அவசரப்படாதீங்க, விக்கிற ஆளோட கதைச்சுக் கொண்டிருங்க. சூடாகிற பிழை அஞ்சு நிமிசத்தில தெரியாது. நடுவில டிவிய மியூட் பண்ணிப் போட்டுக் காதைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டு போங்க, சுத்துற சத்தம் ஒரே சீரா இருக்கோணும், உரசல், டிக் டிக் இருக்கக் கூடாது. பிறகு டிஸ்க்கை வெளிய எடுத்து, முதல்ல ஃபோன்ல எடுத்த படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. புதுசா ஒரு வளைவுக் கோடு, எவ்வளவு மெல்லிசா இருந்தாலும், இருந்தா வேண்டாம் எண்டிட்டுத் திரும்பி வந்திடுங்க, இல்லாட்டி உதிரிப் பாகத்துக்கு வாங்கிற விலைக்குக் கேளுங்க.

டிஸ்க் எடுக்குதில்லயா, இந்த வரிசையில போங்க

முதல்ல வேற டிஸ்க் போட்டுப் பாருங்க, அதுவும் ஒரிஜினல் டிஸ்க். கொப்பி டிஸ்க்கில ஒளி திரும்பி வாறது குறைவு, அதில இருக்கிற சாயப் படை வெயிலுக்கும் சூட்டுக்கும் மங்கும், நம்ம ஊர் வெயில்ல சன்னல் கரையில கிடந்த கொப்பி டிஸ்க் எடுக்காட்டி லேசரில பழி போட ஏலாது. ஒரிஜினல் எடுத்து கொப்பி எடுக்காட்டி லேசர் களைச்சுப் போயிருக்கலாம், டிஸ்க் செத்திருக்கலாம், ரெண்டும் இருக்கலாம். பிஎஸ்2ல வெள்ளி டிஸ்க் ஓடி நீல டிஸ்க் ஓடாட்டியோ மாறி நடந்தாலோ லேசர்தான், ஏனெண்டா சீடிக்கும் டிவிடிக்கும் அதில வேற வேற அளவு செட் பண்ணியிருக்கு.

அடுத்தது லென்ஸ். அதுக்கு ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் வேணும், ஃபோன் திருத்திற கடையளுக்கு "ஐபிஏ" எண்டு சொன்னா விளங்கும், அவங்க போர்ட் கழுவுறதே அதாலதான், சின்னப் போத்தல்ல கொஞ்சம் கேட்டு வாங்கலாம். ஃபார்மசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில நிறமும் வேற சாமானும் கலந்திருக்கும், காஞ்ச பிறகு கறை நிக்கும், லென்ஸுக்கு வேண்டாம். பிளக்கைக் கழட்டுங்க. கொட்டன் பட்ஸ் ஒண்டை ஐபிஏல தொட்டு, சொட்டாத அளவுக்கு உதறி, லென்ஸ் மேல பாரம் குடுக்காம ஒரு சுத்து. லென்ஸ் மெல்லிய கம்பியில தொங்கிற சாமான், அமத்தினா வளைஞ்சு போயிடும். மற்றப் பக்கக் காஞ்ச பஞ்சால இன்னொரு சுத்து. பத்து நிமிசம் காய விடுங்க. ஸ்லிம், பிஎஸ்1 எண்டா மூடியைத் திறந்தாலே லென்ஸ் தெரியும், மற்றதுகளுக்கு பெட்டியத் திறக்கோணும். புருசு வச்ச கிளீனிங் டிஸ்க் விக்கிறாங்க, அதை நான் சொல்ல மாட்டன், புருசு வேகமாச் சுத்தி லென்ஸில அடிக்கும்.

அதுக்கும் சரிவராட்டி லேசர் ஓடுற தண்டைப் பாருங்க. நம்மட உப்புக் காத்துக்கு அது மங்கிக் கறள் பிடிச்சிருக்கும், பழைய கிரீஸ் தூசியோட சேந்து களிம்பாகியிருக்கும். துடைச்சு எடுத்துட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் துளியளவு போடுங்க. சமையல் எண்ணெய், தையல் மெசின் எண்ணெய் வேண்டாம், பரவி லென்ஸுக்குப் போகும்.

இதெல்லாம் செஞ்ச பிறகுதான் லேசர்ப் பவரைப் பத்தி யோசிக்கிறது. கடையள்ல கன பேர் முதல் வேலையாச் செய்யிறதே லேசரில இருக்கிற சின்னத் திருகியைத் திருப்பிப் பவரைக் கூட்டுறதுதான், கூட்டின உடன டிஸ்க் எடுக்கும், எல்லாருக்கும் சந்தோசம், ஆனா லேசரின்ர மிச்ச ஆயுசு சுருங்கிப் போகும். அதனால பெட்டியைக் குடுக்கேக்கயே சொல்லுங்க: "அண்ணா, லேசரைக் கூட்டாம முதல்ல கிளீன் பண்ணிப் பாருங்க, அந்த வெள்ளைக் கேபிளையும் ஒருக்காப் பாருங்க, சரிவராட்டி லேசரை மாத்துவம்." மாத்திறதெண்டா பிஎஸ்2 பெரிய பெட்டியள்ல கூடுதலா வாறது கேஎச்எஸ்-400சி, ஸ்லிம்முக்கு பிவிஆர்-802டபிள்யூ, பிஎஸ்1க்கு கேஎஸ்எம்-440 வரிசை. புது லேசர்ல நிலைமின் அடிக்காம இருக்க ஒரு ஈயப் பொட்டு வச்சு வரும், அதை எடுக்காமப் பூட்டினா டிஸ்க் எடுக்காது, புது லேசரும் பழுது எண்டு நினைச்சு எறிஞ்சிடுவீங்க. 360ல டிரைவ்வை முழுசா மாத்த ஏலாது, ஒவ்வொரு டிரைவ்வும் அந்தப் பெட்டியின்ர மதர்போர்ட்டோட சாவி போட்டுப் பூட்டியிருக்கு, பழைய டிரைவ்வின்ர சர்க்கிட் போர்ட்டைக் கழட்டிப் புதுசில பூட்டோணும்.

கீறின டிஸ்க்கை என்ன செய்யிறது

கழுவிறது முதல் வேலை. குழாய்த் தண்ணி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவிற திரவம், விரலால நடுவில இருந்து வெளிய, பிறகு கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி. கீறல் எண்டு நினைச்சதில பாதி கொழுப்பும் விரல் அடையாளமுமாத்தான் இருக்கும்.

நகத்தால கீறலுக்குக் குறுக்கால மெதுவாத் தடவிப் பாருங்க. நகம் மாட்டாட்டி சீடி, டிவிடியளை பொலிஷ் பண்ணி எடுக்கலாம், டிஸ்க் பொலிஷ் மெசின் வச்சிருக்கிற கடை கொழும்பில தேடினா கிடைக்கும், யூனிட்டி பிளாசா பக்கம் போற ஆக்களிட்டக் குடுத்து விசாரிச்சுப் பாருங்க. நகம் மாட்டினா, அதுவும் வட்டக் கீறலா இருந்தா, ஆசைய விடுங்க. பற்பசை போடுறதை எனக்குப் பிடிக்காது. அதில இருக்கிற தூள் பிளாஸ்டிக்கைத் தேய்க்கும் எண்டது சரிதான், சின்னக் கீறலுக்குச் சில நேரம் வேலையும் செய்யும், ஆனா தேய்ச்ச இடம் முழுக்கப் பனிப்புகார் படிஞ்ச மாதிரி மங்கிப் போய் பிறகு மெசினால பொலிஷ் பண்றதும் கஷ்டமாகும்.

சிவப்பு வட்டம், மஞ்சள் லைட்

360 பெரிய மொடல்ல மூண்டு சிவப்பு எண்டா உள்ளுக்க ஹாட்வெயார் பழுது, ரெண்டு சிவப்பு சூடு கூடினது, நாலும் சிவப்பெண்டா டிவி வயர் சரியாப் பூட்டேல்ல, பயப்பட ஒண்டுமில்ல. மூண்டு சிவப்பு எவ்வளவு பேருக்கு வந்துது எண்டா, 2007 யூலையில மைக்ரோசொஃப்ட் அதுக்கெண்டே வொறன்டியை மூண்டு வருசமாக்கி 100 கோடி டொலருக்கு மேல ஒதுக்கிச்சு. காரணம், சூடாகிறதும் ஆறுறதுமா மாறி மாறி நடந்து சிப்புக்குள்ள இருக்கிற நுண்ணிய ஈய இணைப்புகள் வெடிக்கிறது. அதனாலதான் துவாயால சுத்திச் சூடாக்கிறதும் ஹீட் கன் அடிக்கிறதும் ரெண்டு கிழமைக்கு உயிர் குடுத்திட்டுத் திரும்ப விடும். பிஎஸ்3 பழைய மொடல்ல மஞ்சள் லைட் வாறதும் ஹாட்வெயார் பழுதுதான், அதுக்கும் ஹீட் கன் நிரந்தரத் தீர்வு இல்ல. "ஹீட் அடிச்சுத் தந்தது" எண்டு விக்கிற பெட்டியை வாங்காதீங்க. நல்லா இருக்கிற பெட்டியில தூசி எடுத்து, சிப்பின்ர சூட்டை வெளிய கடத்துற தெர்மல் பேஸ்ட் காஞ்சிருந்தா அதை மாத்தி வைக்கிறதுதான் நாம செய்யக் கூடிய உருப்படியான வேலை.

2001 எக்ஸ்பாக்ஸ் முதல் மொடல் ஆரும் வச்சிருந்தா உடன திறந்து மணிக்கூட்டுக் கப்பாசிட்டரைக் கழட்டி விடுங்க. அது கசிஞ்சு போர்ட்டைத் தின்னும். 1.6 எண்ட கடைசி ரகத்துக்கு மட்டும் இது தேவையில்ல.

நம்மட ஊர்க் காலநிலை

வைகாசி தொடங்கினா கச்சான் காத்து, புழுதியும் சூடும். அந்த மாதங்கள்ல பெட்டியைத் தரையில வைக்காம மேசையில வையுங்க, பின்னுக்கு ஒரு சாண் இடம் விடுங்க, பாவிக்காத நேரம் மெல்லிய துணியால மூடுங்க, ஓடேக்க கட்டாயம் துணியை எடுங்க. மாரி வந்தா நேர்மாறு, ஈரம். லென்ஸில பூஞ்சணம் பிடிக்கும், டிஸ்க்கின்ர அலுமினியப் படைக்கு விளிம்பால ஈரம் போனா பழுப்புப் பொட்டுப் பொட்டாத் தெரியும், அது திரும்பி வராது. டிஸ்க்குகளை மூடியிறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில சிலிக்கா ஜெல் பைக்கட்டுகளோட நிமித்தி அடுக்குங்க. மாரியில பெட்டியச் சும்மா மாசக்கணக்கில வைக்க வேண்டாம், கிழமைக்கு ஒருக்காவாவது போட்டு ஓட விடுங்க, அந்தச் சூடே ஈரத்தை எடுக்கும். பல்லி, எறும்பு சூடான இடம் தேடி உள்ள போகும், பவர் சப்ளையில பல்லி முட்டை இருந்தா ஷோர்ட் ஆகும், வருசத்துக்கு ஒருக்காத் திறந்து பாருங்க.

கரண்ட் போய் வாற நாளில சேவ் பண்ணேக்க கவனம், மெமரி கார்ட்டில எழுதிக் கொண்டிருக்கேக்க கரண்ட் போனா மற்ற சேவுகளும் சேந்து போகலாம். சின்ன யூபிஎஸ் ஒண்டு இருந்தா நல்லம்.

டிஸ்க் சுத்துறதையே குறையுங்க

360ல 2008 நவம்பர் அப்டேட்டுக்குப் பிறகு கேமை ஹாட் டிஸ்க்கில இன்ஸ்டோல் பண்ணலாம். டிஸ்க் உள்ளுக்க இருக்கத்தான் வேணும், ஆனா தொடக்கத்தில ஒருக்காச் சரிபாத்திட்டு நிண்டிடும், பெட்டி ஆடினாலும் கீறாது, சத்தமும் குறையும். ஹாட் டிஸ்க் இல்லாத மொடலுக்கு பென் டிரைவ் பாவிக்கலாம், 2010ல அதுக்கும் அப்டேட் வந்துது. வாங்கின பெட்டி சோதனையில பாஸ் பண்ணினாலும் எல்லா கேமையும் முதல் நாளே இப்பிடி ஏத்தி விடுங்க.

பிஎஸ்2 பெரிய பெட்டியில நெட்வேர்க் அடாப்டரும் ஹாட் டிஸ்க்கும் பூட்டி, ஃப்ரீ மெக்பூட் (வெளி மென்பொருளை பெட்டியில ஓட விடுறது) போட்ட மெமரி கார்ட்டால ஓபன் பிஎஸ்2 லோடர் எண்ட, டிஸ்க் இல்லாம கேம் ஓட்டுற மென்பொருளை எடுத்து, உங்கட சொந்த டிஸ்க்கின்ர பிரதியை அதில வச்சு ஓட்டலாம், லேசரே வேலை செய்யாத பெட்டியும் இப்பிடி உயிர் வாழும். ஸ்லிம்ல யூஎஸ்பியால செய்யலாம், மெதுவா இருக்கும், வீடியோக் காட்சி இழுபடும். ஆகப் பிந்தி வந்த 90000 தொடர்ல சில பெட்டியள்ல ஃப்ரீ மெக்பூட் வேலை செய்யாது, கார்ட் வாங்க முதல் பெட்டியின்ர அடி லேபல்ல மொடல் இலக்கத்தைப் பாத்திட்டு வாங்குங்க. பிரதி எடுக்கிறதை டிஸ்க் நல்லா இருக்கேக்கயே, கொம்பியூட்டர் டிவிடி டிரைவ்ல, செஞ்சு முடியுங்க.